சாவி யார் கைக்குப் போகிறது? மலையகக் குடும்பங்களுக்கு ஏற்ற வாகனக் காப்புறுதி எது

வாகனக் காப்புறுதி எடுக்கப் போகிறவர் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்வி: எந்தக் கம்பனி, எவ்வளவு காசு. வண்டியை யார் யார் ஓட்டப் போகிறார்கள் என்பதை ஏஜன்ட் அவசரத்தில் கேட்க மாட்டார், வாங்குகிறவரும் சொல்ல மாட்டார். ஆனால் கிளெய்ம் போடுகிற நாளில் கம்பனி முதலில் கேட்பது அதைத்தான்: "ஓட்டினது யாரு? லைசன் எங்க?"

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு ஆல்டோவோ முச்சக்கரவண்டியோ வைத்திருக்கிற குடும்பத்துக்கு இந்த விஷயத்தில் நாலு வழி உண்டு. உரிமையாளரின் அனுமதியோடு லைசன் உள்ள எவரும் ஓட்டலாம் என்கிற திறந்த பொலிசி ஒன்று. பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும் ஓட்டுகிற பொலிசி இன்னொன்று. வீட்டில் ஒருவரை மட்டும் எழுத்தில் விலக்கிவிட்டு எடுப்பது மூன்றாவது. பழகுகிற பிள்ளை ஓட்டினாலும் காப்பு கிடைக்கும்படி லேனர் நீட்டிப்புச் சேர்ப்பது நாலாவது. எல்லாக் கம்பனியிலும் எல்லாமே கிடைக்காது. சில இடங்களில் திறந்த பொலிசி மட்டும்தான் இருக்கும், மற்றதெல்லாம் மேலதிக நிபந்தனையாக ஒரு தாளில் வரும். அதனால் விலை கேட்கும்போதே இந்த நாலையும் கேட்டு வையுங்கள்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மலையகத்தில் பெரும்பாலான வீடுகளுக்குத் திறந்த பொலிசிதான் பொருந்தும். ஆனால் "யாரும் ஓட்டலாம்தானே" என்று சும்மா இருந்துவிடாமல், ஓட்டக்கூடிய எல்லாருடைய பெயரையும் எழுத்தில் கொடுத்துவிட்டு எடுக்க வேண்டும். அதற்கான காரணங்கள் கீழே.

"வீட்டில் உள்ளவர்கள்" என்றால் யார்?

டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கிற சொந்தக்காரர் போனில் சொல்லும் ஆலோசனை இங்கே அப்படியே பொருந்தாது. ஒன்டாரியோவில் ஒரே வீட்டில் வசிக்கும் லைசன் உள்ள எல்லாரையும் கம்பனிக்குச் சொல்ல வேண்டும். கட்டுப்பணம், அதாவது பிரீமியம், அவர்களையும் வைத்துத்தான் கணக்காகும். ஒருவரை விலக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அமெரிக்காவிலும் வழமை கிட்டத்தட்ட இதுதான், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பிரிட்டனில் மகன் தினமும் ஓட்டுகிற காரை அப்பாதான் பிரதான சாரதி என்று காட்டிக் குறைந்த விலைக்கு எடுத்தால், அது பிழையான தகவலாகக் கணக்கிடப்பட்டு இழப்பீடே இல்லாமல் போகலாம்.

இலங்கையில் கட்டுப்பணம் முதன்மையாக வண்டியின் பெறுமதி, வகை, சொந்தப் பாவனையா ஹயரா என்பது, நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாமல் இருந்ததற்கான கழிவு) ஆகியவற்றை வைத்து வருகிறது. வீட்டில் எத்தனை பேருக்கு லைசன் இருக்கிறது என்று பலர் கேட்பதே இல்லை. அதற்காக அது தேவையில்லாத தகவல் ஆகிவிடாது. காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் பேரில் செய்யப்படுவது. கம்பனியின் முடிவை மாற்றக்கூடிய விஷயத்தைக் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய கடமை வாங்குகிறவருக்கு உண்டு.

சரி, யாரைச் சொல்வது? இங்கேதான் தோட்டப்புறத்து வாழ்க்கை படிவத்துக்குள் அடங்க மறுக்கிறது. ஒரு லயத்தில் பத்துக் காம்பரா, பத்துக் குடும்பம், எல்லாருக்கும் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் மட்டுமே முகவரி. பக்கத்துக் காம்பராவில் இருக்கிற சித்தப்பா மகன் தினமும் உங்கள் முச்சக்கரவண்டியை எடுக்கிறான், அவன் "வீட்டில் உள்ளவன்" கணக்கில் வருவானா? சொந்த மகன் கொழும்பில் வேலை, வீட்டில் இருப்பதே இல்லை. ஆனால் தீபாவளிக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் வந்தால் நாலு நாளும் வண்டி அவன் கையில்தான். ஒரே வீட்டில் இருக்கிறவர் யார் என்று பார்த்தால் இரண்டு பேருமே தவறிப்போவார்கள்.

ஆகவே சாவியை வைத்துக் கணக்கெடுங்கள். கடந்த 12 மாதத்தில் வண்டிச் சாவி யார் யார் கைக்குப் போனது, அடுத்த 12 மாதத்தில் யார் கைக்குப் போகக்கூடும் என்று உட்கார்ந்து எழுதினால் பட்டியல் தானாக வரும். உரிமையாளர், மனைவி அல்லது கணவன், 18 வயதானதும் ஆகப்போவதுமான பிள்ளைகள், மருமகன், அண்ணன் தம்பி, நாள் வாடகைக்கு எடுப்பவர், சம்பளத்துக்கு ஓட்டுபவர், லொறி என்றால் கிளீனர். கிளீனரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி இறக்கும்போது "கொஞ்சம் பின்னால எடு தம்பி" என்று சாவியை வீசுவது அவரிடம்தான். பின்னால் நிற்கிற லொறியில் இடித்தால் அந்த நிமிடம் சாரதி அவர். லைசன் இல்லையென்றால் கிளெய்மும் இல்லை.

பட்டியலில் எழுத வேண்டியது

ஒவ்வொருவருக்கும் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், சாரதி அனுமதிப்பத்திர இலக்கம், எந்தெந்த வகுப்பு, அந்த வகுப்பு கிடைத்த திகதி, முடியும் திகதி, கடந்த சில வருடத்தில் விபத்து அல்லது நீதிமன்றத் தண்டனை இருந்தால் அது, எவ்வளவு அடிக்கடி ஓட்டுகிறார் என்பது. லைசனின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வகுப்பு விவரமும் கட்டுப்பாடுகளும் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன.

வகுப்புக் கோளாறுதான் மிகச் சாதாரணமாக மாட்டிவிடுவது. "அவனுக்கு லைசன் இருக்கு" என்ற பேச்சு போதாது, இந்த வண்டிக்குரிய லைசன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏ1 என்பது 100 சீசீ வரையான மோட்டார் சைக்கிளுக்கு மட்டும், அதற்கு மேற்பட்டதற்கு ஏ வேண்டும். மோட்டார் சைக்கிள் லைசனை வைத்து முச்சக்கரவண்டி ஓட்ட முடியாது, அதற்கு பி1. பி1 மட்டும் உள்ளவர் கார் ஓட்ட முடியாது, காருக்கு பி. அந்த பி வகுப்பு சாரதியோடு 9 இருக்கை வரைதான், இருக்கை அதைத் தாண்டினால் டி1. மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் லொறிக்கு சீ1. வெலிமடைப் பக்கம் மரக்கறி ஏற்றும் நடுத்தர லொறியை பி லைசனோடு ஓட்டுகிற இளைஞருக்குத் தன் லைசன் பற்றாது என்பதே பல நேரம் தெரிவதில்லை.

அடுத்தது முடியும் திகதி. இலகு வாகன அனுமதிப்பத்திரம் 8 வருடம், கனரக வாகனத்துக்கு 4 வருடம். எட்டு வருடம் நீண்ட காலம் என்பதால் திகதி யார் நினைவிலும் இருக்காது. அட்டைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் தற்காலிகக் கடதாசி லைசன் வாங்கியவர்கள் அதன் திகதியையும் பாருங்கள். பொலிஸ் லைசனை எடுத்துக்கொண்டு தண்டப்பணத் தாள் கொடுத்திருந்தால், அந்தத் தாளில் எழுதியிருக்கும் நாள் வரைதான் அதை வைத்து ஓட்டலாம். தபாலில் கட்ட மறந்து அது டேஷ்போர்டில் கிடந்தால், அந்த இடைவெளியில் நடக்கும் விபத்துக்கு லைசன் இல்லாதவர் ஓட்டியதாகவே கம்பனி வாதிடும்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற மாமா, மச்சான்மாரையும் விடாதீர்கள். அங்கத்தைய லைசனை மட்டும் காட்டி இங்கே ஓட்ட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் கொண்டு வந்தாலும் இலங்கையில் அதற்கு ஒப்புதல் பெற வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக லைசன் எடுக்க வேண்டும். 20 வருடம் கனடாவில் பனியில் ஓட்டியவர் என்ற பெருமை இறம்பொடை வளைவில் கைகொடுக்கலாம், கிளெய்ம் படிவத்தில் அதற்கு இடம் கிடையாது.

திறந்த பொலிசியா, பெயர் குறித்த பொலிசியா?

காப்புறுதிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். யார் ஓட்டலாம் என்பதற்கென்று ஒரு பகுதி அதில் இருக்கும். திறந்த பொலிசியில் அதன் சாரம் பொதுவாக இப்படி இருக்கும்: காப்புறுதி செய்தவர், அவருடைய கட்டளையின் பேரில் அல்லது அனுமதியோடு ஓட்டும் வேறு எவரும், ஓட்டுபவரிடம் அந்த வண்டிக்குரிய செல்லுபடியான லைசன் இருக்க வேண்டும், நீதிமன்றத்தால் தடை செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. பெயர் குறித்த பொலிசியில் அந்த இடத்தில் பெயர்கள் இருக்கும், அல்லது பெயர் உள்ள இணைப்புத் தாளைக் காட்டும்.

பெயர் குறித்ததன் நன்மை காசுதான். கணவனும் மனைவியும் மட்டுமே ஓட்டுகிறார்கள், இருவரும் 30-ஐத் தாண்டியவர்கள், விபத்து வரலாறு இல்லை என்றால் சில கம்பனிகள் குறைத்துத் தரும். எவ்வளவு என்று கேட்டு ரூபாயாகவே எழுதி வாங்குங்கள். பேச்சில் வரும் சதவீதம் எந்தத் தொகையின் மீது என்று பிறகு தெரியாமல் போகும்.

அந்தக் கழிவின் விலை என்ன? கணக்குக்காக வருடத்துக்கு 8,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பெயர் இல்லாத ஒருவர் ஓட்டி 90,000 ரூபாய்க்கு ஒரே ஒரு சேதம் வந்தால் 11 வருடத்து மிச்சம் போய்விட்டது. வண்டியைத் தாண்டி வெளியாளுக்கும் சேதம் என்றால் சொல்லவே வேண்டாம்.

மலையகத்தில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இரவு 11 மணிக்கு லயத்தில் ஒரு கர்ப்பிணிக்கு வலி எடுத்தால், 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வந்து சேரும் வரை காத்திருக்க முடியாத இடங்கள் நிறைய. மழையில் தோட்டத்து கொங்கிரீட் பாதை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் உரிமையாளர் குடித்திருக்கலாம், ஊரில் இல்லாமலும் இருக்கலாம். டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுப்பது லைசன் உள்ள பக்கத்துக் காம்பராத் தம்பியாகத்தான் இருக்கும். திறந்த பொலிசியில் அவன் ஓட்டலாம், பெயர் குறித்ததில் முடியாது. பொலிசியில் பெயர் இல்லை என்று யாரும் அந்த நேரம் சாவியைக் கொடுக்காமல் இருக்கப் போவதில்லை. நடக்கப்போகிற வாழ்க்கைக்கு ஏற்ற பொலிசியை எடுப்பதுதான் சரி.

ஆனால் திறந்த பொலிசிக்குள்ளும் ஒரு பூட்டு இருக்கிறது. அது எக்சஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் உரிமையாளர் கையிலிருந்து போகும் முதல் தொகை. பொது எக்சஸுக்கு மேலே, வயது குறைந்த அல்லது லைசன் எடுத்துக் கொஞ்ச நாளே ஆன சாரதிக்கு மேலதிக எக்சஸ் வைக்கப்பட்டிருக்கலாம். பொலிசியின் அட்டவணைத் தாளில் சின்ன எழுத்தில் அது இருக்கும். எத்தனை வயதுக்குக் கீழ், எத்தனை வருட அனுபவத்துக்குக் கீழ், எவ்வளவு என்ற மூன்றையும் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். 19 வயது மகன் உள்ள வீட்டில் இரண்டு கம்பனியின் விலையை ஒப்பிடும்போது கட்டுப்பணத்தைவிட இந்த மூன்று எண்தான் முக்கியம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம், எண்கள் எல்லாம் உதாரணம் மட்டுமே. மகன் ஹட்டனில் ஏற்றமான ஒழுங்கையில் ரிவர்ஸ் எடுக்கும்போது மதிலில் இடித்துவிட்டான். பம்பர், பின் லைட், டிக்கிக் கதவுக்குப் பெயின்ட், மொத்தம் 90,000. பொது எக்சஸ் 10,000, இளம் சாரதி எக்சஸ் 25,000. கம்பனி தருவது 55,000. இனி அடுத்த வருடம்: போனஸ் கழிக்க முன் கட்டுப்பணம் 160,000, இதுவரை 50 சதவீதம் போனஸ் இருந்ததால் 80,000 கட்டினார்கள். இந்தக் கிளெய்முக்குப் பிறகு போனஸ் 30 சதவீதமாக இறங்கினால் 112,000 கட்ட வேண்டும். கூடுதல் 32,000. ஆகக் கிடைத்த உண்மையான உதவி 23,000 மட்டும். போனஸ் பழைய இடத்துக்கு ஏற இன்னொரு வருடம் எடுத்தால் அதுவும் கரைந்துவிடும். ஓட்டியது மகன், போனது அப்பாவின் போனஸ். இப்படிச் சின்ன சேதத்துக்குக் கிளெய்ம் போடாமல் கையால் கட்டுவதே இலாபமாக இருக்கலாம். ஆனால் மூன்றாம் ஆளுக்குக் காயமோ சொத்துச் சேதமோ இருந்தால் இந்தக் கணக்குப் பார்க்காமல் உடனே கம்பனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஒருவரை விலக்குவது

அடிக்கடி விபத்துக்குள்ளாகிற, அல்லது குடித்துவிட்டு வண்டியை எடுக்கிற ஒருவர் வீட்டில் இருந்தால், அவரை எழுத்தில் விலக்கிவிட்டு மற்ற எல்லாருக்கும் திறந்து வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கம்பனி ஒப்புக்கொண்டால் செய்யலாம். ஆனால் அவர் கைக்குச் சாவி போகாதபடி வீட்டில் பூட்டி வைக்க முடியுமென்றால்தான் அதற்கு அர்த்தம். ஆணியில் சாவி தொங்குகிற வீட்டில் இந்தத் தாள் உரிமையாளருக்கு எதிராகத்தான் வேலை செய்யும். விலக்கப்பட்டவர் ஓட்டியதில் ஒருவர் காயப்பட்டால், பாதிக்கப்பட்டவருக்கான பணத்தைக் கம்பனி கட்ட நேர்ந்தாலும், அதை உரிமையாளரிடம் திருப்பி அறவிடும் உரிமை பொதுவாகப் பொலிசியில் எழுதப்பட்டிருக்கும். இதே வாசகம் லைசன் இல்லாதவர் ஓட்டினாலும் பாயும்.

பழகுகிற பிள்ளை

லேனர் அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கும் திறந்த பொலிசி தானாகக் காப்பு கொடுக்கும் என்று நம்ப வேண்டாம். பல பொலிசிகளில் அது விலக்கப்பட்டிருக்கும், மேலதிகக் காசு கட்டி நீட்டிப்பு எடுக்க வேண்டும். எடுத்தாலும் நிபந்தனை உண்டு: எல் பலகை முன்னும் பின்னும் இருக்க வேண்டும், லைசன் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அனுமதிப்பத்திரம் காலாவதியாகியிருக்கக் கூடாது. லேனர் தாள் 18 மாதம் செல்லும். எழுத்துப் பரீட்சை முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் ட்ரயல்.

இரண்டு வழியை ஒப்பிடலாம். சாரதிப் பயிற்சிப் பாடசாலையின் வண்டியில் முழுவதையும் பழகினால் உங்கள் பொலிசிக்கு வேலையே இல்லை. வீட்டு வண்டியிலும் பழகப் போகிறான் என்றால் முதல் நாளே நீட்டிப்பு எடுங்கள். "தோட்டத்துக்குள்ள தானே, பெரிய ரோட்டுக்கு வர மாட்டான்" என்ற பேச்சை நம்பி விடாதீர்கள். கொழுந்து லொறி எதிரே வருகிற ஒற்றைப் பாதையில்தான் பழகுகிறவர்கள் ஓரத்துக் கானுக்குள் இறக்குகிறார்கள். தோட்டப் பாதை என்பதால் காப்புறுதி நிபந்தனை தளராது.

ஓட்டுபவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது

தோட்டச் சம்பளச் சீட்டைக் காட்டி லீசிங் கிடைப்பது கடினம். அதனால் ஆசிரியராக இருக்கிற மாமா பெயரில் முச்சக்கரவண்டி வாங்கி, மருமகன் ஓட்டிப் பிழைப்பது இங்கே சாதாரணம். சட்டப்படி தவறான ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஆனால் முன்மொழிவுப் படிவத்தில் "சொந்தப் பாவனை, ஓட்டுபவர் உரிமையாளர்" என்று மாமா கையெழுத்துப் போட்டால் அது பொய்யாகிவிடும். முதல் விபத்திலேயே வெளியே வந்துவிடும், ஏனென்றால் மாமாவுக்கு முச்சக்கரவண்டி லைசனே இருக்காது. உரிமையாளர் இவர், வழமையாக ஓட்டுபவர் இவர், பாவனை ஹயர் என்று எழுதினால் கட்டுப்பணம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். லீசிங் வண்டிக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் எப்படியும் எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டுச் செல்லாமல் ஆக்கிக்கொள்வது இரட்டை நட்டம்.

ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல், வாங்கிய வண்டி இன்னும் சிக்கலானது. புத்தகத்தில் பழைய ஆளின் பெயர், பொலிசியும் அவர் பெயரில், ஓட்டுவது நீங்கள். பழைய ஆளின் "அனுமதி" எங்கே இருக்கிறது? வண்டியில் அவருக்கு இனி என்ன உரித்து? இரண்டுமே கேள்விக்குள்ளாகும். எம்.டீ.ஏ. 6 படிவத்தைக் கொடுத்துப் பெயரை மாற்றிவிட்டு உங்கள் பெயரில் புதிய பொலிசி எடுப்பதைத் தவிர இதற்கு நல்ல வழி கிடையாது.

சம்பளத்துக்குச் சாரதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஃபுல் இன்ஷூரன்ஸ் வண்டியின் சேதத்தையும் வெளியாளின் பாதிப்பையும் பார்க்கிறது. உங்கள் சாரதியோ கிளீனரோ வேலையில் காயப்பட்டால் அது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் பொறுப்பு. அதற்கென்று மேலதிகக் காப்பு கேட்டுச் சேர்க்க வேண்டும், ஆட்களின் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லியே.

தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால்?

தேர்ட் பார்ட்டி என்பது வெளியாளின் பாதிப்பை மட்டும் பார்க்கும் காப்புறுதி. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது இதை மட்டும்தான். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு இதைக் காட்டினால் போதும். பழைய வண்டி, பெறுமதி குறைவு என்றால் நியாயமான தெரிவு. ஆனால் விலை மலிவு என்பதால் சாரதி நிபந்தனையும் தளர்வு என்று எண்ண வேண்டாம். வகுப்பு, செல்லுபடி, தடை எல்லாம் இங்கேயும் அதேதான். சொந்த வண்டிக்கு எதுவும் கிடைக்காது என்பதால் அந்தப் பொலிசியின் முழு மதிப்பும் ஓட்டுபவர் சரியான ஆளாக இருப்பதில்தான் தங்கியிருக்கிறது.

விபத்தன்று ஆளை மாற்றுவது

லைசன் இல்லாத மகன் ஓட்டி இடித்துவிட்டான். சிக்னல் இல்லாத பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்து அப்பாவுக்குப் போன் போடுகிறான். அவர் வந்து சேர்ந்த பிறகுதான் கம்பனிக்கு அழைப்பு போகிறது, "நான்தான் ஓட்டினேன்" என்று. மலையகத்தில் கிளெய்ம் கெட்டுப்போகிற விதங்களில் மோசமானது இது. மதிப்பீட்டாளர் வர முன் ஊரே கூடியிருக்கும், யாராவது ஒருவர் வாய் தவறும். பொலிஸ் என்ட்ரியில் ஒரு பெயர், எதிரே வந்த பஸ்காரர் சொன்னதில் இன்னொரு பெயர். சீட் எவ்வளவு முன்னால் இழுக்கப்பட்டிருக்கிறது, காயம் யார் நெற்றியில், போனில் எடுத்த படத்தில் யார் நிற்கிறார் என்று அவர்கள் பார்ப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த ஒரு கிளெய்ம் போகும். பொய் சொன்னால் கிளெய்மும் போகும், பொலிசியும் போகும், பொலிசுக்குப் பொய்த் தகவல் கொடுத்த குற்றமும் சேரும். அடுத்த கம்பனியின் படிவத்தில் "முன்பு காப்புறுதி மறுக்கப்பட்டதா" என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டி வரும்.

சாவி யாரிடமும் இல்லாமலே வண்டி ஓடுகிற கதையும் இங்கே உண்டு. லயத்துக்கு முன்னால் இறக்கத்தில் நிறுத்திய வண்டி, பிள்ளைகள் ஏறி விளையாடி ஹேண்ட் பிரேக்கைத் தட்டிவிட, தேயிலை மலைக்குள் இறங்கிவிடும். கடைசியாக நிறுத்தியது யார், கியரில் விட்டாரா, டயருக்குக் கல் வைத்தாரா என்று கேட்பார்கள். நிறுத்தியவரின் பெயரைச் சரியாகச் சொல்ல முடிய வேண்டும்.

படிவத்தை நிரப்புகிற நேரம்

"கையெழுத்த மட்டும் போடுங்க அண்ணே, மத்தத நான் பாத்துக்குறேன்." ஏஜன்ட் இப்படிச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் எழுதுகிற ஒவ்வொரு பதிலும் உங்கள் பதிலாகிவிடும். தமிழ்ப் படிவம் கேளுங்கள். கையில் இருப்பது ஆங்கிலப் படிவம் என்றால் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துச் சொல்லச் சொல்லி, உங்கள் கண் முன்னால் நிரப்பச் சொல்லுங்கள். சாரதி பற்றிய கேள்விக்கு அரை வரிதான் இடம் இருக்கும். அதில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதி, தயாரித்த பட்டியலைப் பின்னால் தைத்து விடுங்கள். இரண்டின் பிரதியிலும் திகதியோடு "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். கிளைக்குப் போக முடியாதவர்கள் அதே பட்டியலைக் கம்பனியின் மின்னஞ்சலுக்கு அனுப்பி, வந்த பதிலை அழிக்காமல் வையுங்கள். ஏஜன்டின் வட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்பினால் அவர் வேலையை விட்டுப் போகும்போது அத்தாட்சியும் போய்விடும்.

பொலிசி கைக்கு வந்ததும் மூன்று இடத்தைச் சரிபாருங்கள்: யார் ஓட்டலாம் என்ற வாசகம், எக்சஸ் அட்டவணை, பாவனை. நீங்கள் கொடுத்த பட்டியலோடு ஏதாவது ஒன்று ஒத்துவராவிட்டால் அதே வாரம் எழுத்தில் கேளுங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்ட பிறகு கேட்பதானால் முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும், அங்கே தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது நீங்கள் கொடுத்த படிவத்தின் பிரதிதான்.

புதுப்பிக்கும் நேரம் இன்னும் வழுக்கலானது. எஸ்எம்எஸ் வரும், போனிலேயே காசு கட்டுவீர்கள், புதிய சான்றிதழ் வந்துவிடும், ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள். இடையில் மகளுக்கு 18 ஆகியிருக்கும், மருமகன் வீட்டோடு வந்திருப்பார், வண்டி வாரத்தில் இரண்டு நாள் ஸ்கூல் ஹயர் ஓடத் தொடங்கியிருக்கும். புதுப்பிப்பதும் புதிய ஒப்பந்தம்தான், சொல்ல வேண்டிய கடமையும் அதோடு புதிதாக வருகிறது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகிற அதே வாரத்தில் சாவிப் பட்டியலையும் எடுத்துத் திருத்தி அனுப்பினால் மறக்காது. லேனராக இருந்த பிள்ளைக்கு லைசன் கிடைத்துவிட்டால் வருட முடிவு வரை காத்திருக்க வேண்டாம். அட்டையின் இரண்டு பக்கப் படத்தையும் அன்றே அனுப்பி, பெயர் சேர்க்கப்பட்டதற்கான தாளை வாங்கி, சான்றிதழோடு வண்டிக்குள்ளே ஒரு பிரதியும் வீட்டில் ஒரு பிரதியும் வையுங்கள்.